அப்பப்பாவின் காசு ரின்: விற்பதா, பிரிப்பதா, கொடுப்பதா?

போன வருசம் அப்பப்பா மோசம் போனார். 31ஆம் நாள் பூசை முடிந்து, வந்த ஆக்கள் எல்லாம் போன பிறகு, பெரியப்பா அறைக்குள்ள இருந்து ஒரு பழைய லக்ஸ்பிறே பால்மா ரின்னைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். "இதை என்ன செய்யிறது எண்டு நீங்கள் படிச்ச பிள்ளையள் சொல்லுங்கோ" என்றார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டியால் நெம்பித் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் பாயில் கொட்டினோம்.

'நாங்கள்' என்பது பேரப்பிள்ளைகள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறோம். ஊர் பேசாலை. அப்பப்பா தலைமன்னார் இறங்குதுறையில் வேலை செய்தவர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 1914இல் தொடங்கிய கப்பல் சேவை, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்துக்கு மாறி, 80களில் போர் வரும்வரை ஓடியது. அந்தக் கப்பலில் வந்து இறங்கிய ஆக்களிடம் சில்லறையாக வாங்கியது, ஊர்ப் பொடியள் மாந்தைப் பக்கம் மழைக்குப் பிறகு பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தது, சிலாபத்துறைக் கடற்கரையில் மீன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது என்று ஒரு ஆயுள் முழுக்கச் சேர்த்திருக்கிறார்.

பாயில் கிடந்தது இருநூறுக்குக் கிட்டக் காசு. ஆணா, சதம், சதுரமான ஐந்து சதம், நடுவில் பனை இனத்து மரம் போட்ட விக்ரோறியா காலத்துச் சதம், பச்சை படிந்த சின்னச் சின்னச் செப்புத் துண்டுகள். கூடவே சிகரெட் பெட்டி அட்டையிலும் பஸ் ரிக்கற்றிலும் பேப்பர்த் துண்டுகளிலும் பென்சிலால் எழுதிய துண்டுகள் கொஞ்சம். "குப்பை" என்று ஒருத்தர் அந்தத் துண்டுகளைக் கூட்டி ஒரு ஷொப்பிங் பையில் போட்டார். அது யார் என்று இங்கே எழுதுவதில்லை என்று ஐந்து பேரும் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். குற்றம் ஐந்து பேருக்கும் பொது.

அன்று இரவே குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் வழக்குத் தொடங்கிவிட்டது. கனடாவில் இருக்கிற மாமா, "படம் எடுத்துப் போடுங்கோ, ஒன்லைனில வித்துத் தாறன், வாற காசில அப்பாட கல்லறையைக் கட்டலாம்" என்றார். சின்ன மாமி, "ஆளுக்குச் சரிசமனாப் பிரிச்சுத் தாங்கோ, அப்பாட ஞாபகம் எல்லாரிட்டயும் இருக்கட்டும்" என்றார். அப்பம்மா மட்டும், "அந்த மனுசன் ஆருக்கும் ஒண்டும் விக்கேல்ல" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

வரலாறு படிக்கிற இரண்டு பேரும் மியூசியத்துக்குக் கொடுக்க வேணும் என்றோம். சொன்ன உடனே பெரியப்பா கேட்டார்: "குடுத்தா அது மன்னார்ல இருக்குமோ?" பதில் தெரியவில்லை. அதனால்தான் வாசிக்கத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் கணக்கு.

மன்னார்க் கரையில் காசு பற்றிய மூன்று கதைகள்

இலங்கையைப் பற்றிய பழைய வெளிநாட்டுக் குறிப்புகளில் காசு திரும்பத் திரும்ப வருகிறது. அதில் முதலாவது, உரோமர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதியது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரின் ஆள் ஒருவன் அரேபியக் கரையோரம் கப்பலில் போகும்போது காற்று அடித்துக்கொண்டு வந்து, 15ஆம் நாள் தப்ரபேன் தீவின் ஹிப்புரோஸ் என்ற துறையில் விட்டது. அரசன் அவனை ஆறு மாதம் வைத்துப் பராமரித்தான். அவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்த அரசனுக்கு ஒரே ஆச்சரியம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகம், வேறு வேறு பேரரசர். ஆனால் நிறுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நிறை. இவ்வளவு நேர்மையான ஆக்களோ என்று மதித்து, உரோமுக்குத் தூதர் நான்கு பேரை அனுப்பினானாம்.

ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை. அதனால் அந்தத் துறை மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற குதிரைமலைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அது ஊகம்தான். ஆனால் புளோக்காமுஸ் கற்பனை ஆள் இல்லை. எகிப்துப் பாலைவனப் பாதை ஒன்றில் அவருடைய அடிமை ஒருவன் கி.பி. 6இல் பாறையில் தன் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறான்.

இரண்டாவது கதை ஆறாம் நூற்றாண்டு. கொஸ்மஸ் என்ற கிரேக்கத் துறவி எழுதியது. சொபத்றொஸ் என்ற உரோம வணிகனும் ஒரு பாரசீகனும் இலங்கை அரசன் முன்னால் நிற்கிறார்கள். "உங்கள் இரண்டு பேரின் அரசர்களில் யார் பெரியவர்?" என்று அரசன் கேட்கிறான். பாரசீகன் தன் அரசனைப் பற்றி நீளமாகப் பேசுகிறான். சொபத்றொஸ் பேசவில்லை. "இரண்டு அரசரும் இங்கேயே இருக்கிறார்கள், பாருங்கள்" என்று இரண்டு காசை நீட்டச் சொல்கிறான். ஒன்று உரோமத் தங்கம், மற்றது பாரசீக வெள்ளி. அரசன் தங்கத்தைப் பார்த்து முடிவு சொல்லிவிட்டான். கதை சொன்னவர் யாருடைய பக்கம் என்பது தெரிந்ததால் முழுக்க நம்பத் தேவையில்லை. ஆனால் இந்தத் தீவின் துறைகளில் இரண்டு பேரரசுகளின் காசும் ஒரே மேசையில் கிடந்தது என்பதை நம்பலாம்.

மூன்றாவது கதைதான் எங்களை உலுப்பியது. இது நேரே எங்கட ஊர்க் கதை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். 1570களில் மன்னாரின் கப்பித்தானாக இருந்தவர் ஜுவாவ் த மெலோ. அப்போது எதிர்க்கரையில், மாந்தையின் இடிபாடுகளில் ஆட்கள் கல் எடுக்கத் தோண்டினார்கள். ஒரு பழைய அத்திவாரம் வந்தது. அதற்குள் ஒரு விசித்திரமான இரும்புச் சங்கிலி, தேய்ந்த செப்புக் காசு இரண்டு, தங்கக் காசு ஒன்று. தங்கக் காசில் மார்பளவில் ஒரு மனித உருவம், சுற்றிவர எழுத்து. எழுத்தில் பாதி அழிந்திருந்தாலும், முதல் எழுத்து 'சி' தெரிந்தது. இதை எழுதிவைத்தவர் தியோகோ தோ கூத்தோ என்ற போர்த்துக்கேய வரலாற்றாசிரியர். பிளினியை வாசித்திருந்த கூத்தோ, அது கிளவுதியுஸ் பேரரசரின் காசு என்று எண்ணினார்.

மெலோவுக்கு அந்தக் காசுகள் பெரிய பொக்கிசம். போர்த்துக்கல்லுக்குக் கொண்டுபோய் அரசரிடம் கொடுக்க நினைத்தார். போகும் வழியில் கப்பலோடு எல்லாம் கடலுக்குள் போய்விட்டது.

மன்னார்க் கரையில் கிடைத்ததாக எழுத்தில் பதிவான மிகப் பழைய காசுக் கண்டுபிடிப்புகளில் ஒன்று இப்படித்தான் முடிந்தது. காசு இல்லை, சங்கிலி இல்லை. ஆனாலும் 450 வருசம் கழித்து நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கிறோம். காரணம் ஒன்றே ஒன்று. எங்கே தோண்டியது, யார் காலம், கூட என்ன கிடந்தது, காசில் என்ன தெரிந்தது என்று ஒருத்தர் சில வரி எழுதி வைத்தார்.

இதை வாசித்த இரவு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஷொப்பிங் பை!

துண்டுகள்

நல்ல காலம், பை குப்பைக்குப் போகவில்லை. குசினி மூலையில் கிடந்தது. பிரித்துப் பார்த்தோம். "மாந்தை, குளக்கட்டுப் பக்கம், மழைக்குப் பிறகு." "அரிப்பு, கோட்டைக்குக் கிட்ட." "திருக்கேதீச்சரம் போற றோட்டு." "கப்பலில் வந்த கிழவி, திருச்சிப் பக்கம்." சிலதில் வருசமும் இருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு காசைச் சுத்தி இருந்திருக்கிறது. நாங்கள் ஒரே கொட்டாகக் கொட்டி, எந்தத் துண்டு எந்தக் காசுக்கு என்பதை ஐந்து நிமிசத்தில் அழித்துவிட்டோம்.

மெலோவின் காசு தொலைந்தது, குறிப்பு தங்கியது. எங்களிடம் காசும் இருக்கிறது, குறிப்பும் இருக்கிறது, இரண்டையும் இணைக்கிற நூல் அறுந்துவிட்டது.

"அதால என்ன, காசு காசுதானே" என்றார் மாமா. அவருக்கு விளங்கப்படுத்த நாங்கள் எடுத்த உதாரணம் சேதுக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, பிறை, கீழே தமிழில் 'சேது' என்ற எழுத்து. இதை யார் வெளியிட்டது? ஒரு காலத்தில் இராமநாதபுரம் சேதுபதிகள் என்றுதான் பலர் நினைத்தார்கள். பெயரைப் பார்த்தால் அப்படித்தானே வரும். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் இது யாழ்ப்பாண அரசர்களின் மறக்கப்பட்ட நாணயம் என்று எழுதினார். 1924இல் வந்த கொட்றிங்ரனின் இலங்கை நாணய நூலும் அதையே ஏற்றது. எப்படி முடிவு மாறியது? கேகாலைப் பக்கம் கொட்டகமவில் இருக்கிற ஆரியச் சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டு 'சேது' என்ற சொல்லோடு தொடங்குகிறது. அதைவிட எளிமையான இன்னொரு காரணம், இந்தக் காசு வட இலங்கையில்தான் தாராளமாகக் கிடைக்கிறது.

அதாவது, யாழ்ப்பாண அரசுக்குச் சொந்தமாக நாணயம் இருந்ததா என்ற பெரிய கேள்விக்கு, 'இது எங்கே கிடைத்தது' என்ற சின்னக் கேள்வி பதில் சொல்ல உதவியிருக்கிறது. ஒவ்வொரு சேதுக் காசையும் யாரோ வாங்கி, இடத்தை மறந்து, இலண்டனில் விற்றிருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேணும். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வியாபாரிகளிடம் வாங்கிச் சேர்த்த காசுகளில்தான் 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசு வெளிச்சத்துக்கு வந்தது. சங்க காலத் தமிழ் அரசர்கள் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது பெரிய சான்று. ஆக, தனியார் சேகரிப்பு என்றாலே பாவம் என்று சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் காசில் பெயர் இருந்தது, அதனால் அதுவாகவே பேசியது. மாந்தையில் கிடைக்கிற காசில் பெரும்பாலானது அப்படி இல்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. உளுத்தம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிசு. முகம் தேய்ந்து, எழுத்துப் போய், எது உரோமில் அடித்தது, எது இங்கேயே பார்த்து அடித்தது என்று பிரிப்பதே பெரிய வேலை. அப்படிப்பட்ட காசு இடம் இல்லாமல் ஊமை. எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வாய்.

மண்ணின் அருமைக்கு இன்னொரு உதாரணம். மாந்தையில் ஜோன் கார்ஸ்வெல் குழுவும் தொல்பொருள் திணைக்களமும் 1980 முதல் 1984 வரை அகழ்ந்தார்கள். போர் வந்து வேலை நின்றது. முழு அறிக்கை புத்தகமாக வந்தது 2013இல். கிட்டத்தட்ட 30 வருசம்! அவ்வளவு காலம் பிந்தியும் அதை எழுத முடிந்தது, குறிப்புகள் இருந்ததால். போர் முடிந்த பிறகு 2009–10இல் திரும்பத் தோண்டி, மண்ணைச் சலித்துத் தானியங்களைத் தேடியபோது ஒரே ஒரு கிராம்பு கிடைத்தது. கி.பி. 900–1100 காலத்தது. கிராம்பு அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளில் மட்டும் விளைந்தது. ஒரு கிராம்பு, மாந்தையை அவ்வளவு தூரத்துக் கடலோடு கட்டிப்போடுகிறது. புதையல் தோண்டுகிறவன் இருட்டில் ரோச் அடித்துக் காசைப் பொறுக்கும்போது இப்படி எத்தனை கிராம்பை மிதித்திருப்பான்?

இது யாருடைய ரின்?

பிறகு காசுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். அதற்கு முதல் இன்னொரு பிழையும் செய்துவிட்டோம் என்பதையும் சொல்லவேணும். தேசிக்காய்ப் புளி போட்டு மூன்று காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். பழைய செம்பின் மேலுள்ள பச்சைப் படிவும் கறுப்பும் அழுக்கில்லை, பாதிக் காப்பு. தேய்த்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். அந்த மூன்றும் இப்போது எங்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. நீங்கள் செய்யாதேங்கோ.

ஒரு தடித்த செப்புக் காசில் நிற்கிற மனிதன், மறுபக்கம் குந்தியிருக்கிற மனிதன், பக்கத்தில் நாகரி எழுத்து. சோழர் இராசராசன் காசின் அமைப்பு அது. இராசராசன் காலத்தில் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் வைத்தார்கள், அங்கே ஒரு சிவன் கோயிலும் எழும்பியது, அந்தக் கல்வெட்டு இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. கையில் இருப்பது இராசராசன் காசு என்று சந்தோசப்பட்டோம். ஆனால் பொறுங்கோ. பொலநறுவையில் சோழருக்குப் பிறகு ஆண்ட பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி எல்லாரும் இதே நிற்கிற–குந்துகிற அமைப்பில்தான் காசு அடித்தார்கள். எழுத்தும் அதே நாகரி. பெயர் மட்டும்தான் வேறு. எங்கட காசில் பெயர் இருக்க வேண்டிய இடம் தேய்ந்து போயிருக்கிறது. 'எங்கட' அரசனா 'அவையின்ர' அரசனா என்று கேட்டால் காசு தோளைக் குலுக்குகிறது. சனத்துக்கு அன்றைக்கு அது ஒரு காசு, அவ்வளவுதான். சந்தையில் செல்லுமா செல்லாதா என்பது மட்டும்தான் கேள்வி.

ஒல்லாந்துக் கம்பனியின் வீ-ஓ-சீ எழுத்துப் பின்னல் போட்ட செப்புக் காசு ஒரு கை நிறைய. (வ.உ.சி. இல்லை. எங்கட தம்பி முதலில் அப்படித்தான் நினைத்தான்.) 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்களின் 18ஆம் நூற்றாண்டுக் காசு இலங்கைக் கரை எல்லாம் கிடக்கிறது. எக்கச்சக்கமாக அடித்ததால் பெரிய விலையும் இல்லை. பிறகு யானை போட்ட ஆங்கிலேயக் காசு இரண்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அரிப்பில் ஆளுநர் நோர்த் முத்துக் குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகை, ஊரில் அல்லிராணிக் கோட்டை என்கிறோமே, அது எழும்பியதும் அந்த வருசங்களில்தான். முத்துக் குளிப்புக் காலத்தில் அந்த வெறும் மணல்கரை சில கிழமைக்கு ஒரு பட்டணமாக மாறும். கீழக்கரை, காயல்பட்டணம், அரபுக்கரை என்று எல்லாத் திசையிலிருந்தும் சுழியோடிகளும் வியாபாரிகளும் வருவார்கள். 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுத்தார்கள். அடுத்த வருசம் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு அந்தக் கரையில் நீண்ட காலத்துக்கு முத்துக் குளிப்பே இல்லை. ஒரு கரையின் பணத்தை ஒரேயடியாக அள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

ஆக, இந்த ரின்னுக்குள் ஒரு இனத்தின் கதை இல்லை. கப்பல் வந்து போகிற ஒரு துறையின் சில்லறைதான் இருக்கிறது. இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மன்னாரில் இன்றைக்கு ஒரு பழைய கல் கிடைத்தாலே அது யாருடைய கல் என்று சண்டை. ஒவ்வொரு பக்கமும் தனக்குத் தேவையான காசை மட்டும் எடுத்துக் காட்டும், மற்றதைப் பொக்கற்றுக்குள் போடும். ரின்னைப் பிரித்தால் அது நடக்கும் என்பதுதான் எங்கட பயம்.

புதைத்தவர்கள்

அந்த ரின்னின் துருவுக்கும் ஒரு கதை உண்டு. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியபோது பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் சனம் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனது. எங்கட குடும்பம் மண்டபம் முகாமுக்குப் போனது. போகிற இரவில் அப்பப்பா ரின்னைப் பொலித்தீனில் சுத்தி, பின்வளவுப் பனையடியில் தாட்டுவிட்டுப் போனார். சில வருசம் கழித்துத் திரும்பி வந்து கிண்டி எடுத்தார். அந்த மரம் இன்னும் நிற்கிறது.

அதே வருசம் ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம் சனம் முழுவதையும் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, முசலி ஆக்கள் கையில் எடுக்கக்கூடியதோடு போனார்கள். அவர்களிலும் யாராவது வளவில் எதையாவது தாட்டுவிட்டுப் போயிருப்பார்கள்தானே. எத்தனை பேர் திரும்பி வந்து அதே இடத்தைக் கண்டுபிடித்தார்கள்?

வகுப்பில் 'நாணயப் புதையல்' என்று படிக்கும்போது எங்களுக்கு இது உறைக்கவில்லை. ஒரு பானை நிறையக் காசு மண்ணுக்குள் கிடைத்தால், "அடேய் எவ்வளவு பணக்காரர்" என்று நினைப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கோ. தாட்டு வைத்தவர் திரும்பி வந்திருந்தால் அந்தப் பானை அங்கே இருக்காது. பல புதையல்கள் திரும்பி வராத ஒருவரின் குறிப்பு. அப்பப்பா திரும்பி வந்தபடியால் எங்களுக்கு ஒரு ரின் இருக்கிறது. வராமல் விட்டிருந்தால், 500 வருசம் கழித்து ஒரு மாணவி அதை அகழ்ந்து, '20ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதி, கலப்பு நாணயத் தொகுதி, பிளாஸ்ரிக் உறை' என்று எழுதியிருப்பாள்.

சட்டமும் சந்தேகமும்

சட்டத்தையும் பார்த்தோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. மண்ணுக்குள் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிற தொல்பொருள் அரசின் சொத்து. கண்டெடுத்தவர் அறிவிக்க வேணும். 1988இன் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படிப்பட்டவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. ஆகவே கனடா மாமாவின் ஒன்லைன் திட்டம், ஒல்லாந்துக் காசு வரைக்கும் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. மாமா கொஞ்ச நாள் குறூப்பில் கதைக்கவில்லை.

அப்பப்பா மாந்தையில் பொறுக்கியதை வைத்திருந்தது பிழையா? கண்டிப்பான கணக்கில் பிழைதான். பொடியளுக்கு ரொபி கொடுத்து வாங்கினது இன்னும் பிழை. அது அவர்களைத் திரும்பப் போய்த் தேடச் சொல்கிறது. நாங்கள் அவரை நேசிக்கிறபடியால் இதை மறைக்க ஏலாது. அதேநேரம், அவர் துண்டு எழுதி வைத்தார். அவர் வாங்காமல் விட்டிருந்தால் அந்தச் செம்பு பித்தளைப் பட்டறைக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை.

அப்போ கொடுத்துவிடலாமா? பெரியப்பாவின் கேள்வி இங்கே திரும்ப வருகிறது. கொடுத்தால் பத்திரமா? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எங்கட வீட்டில் யாரும் மறக்கவில்லை. 2012 மார்ச்சில் கொழும்புத் தேசிய மியூசியத்திலேயே காசும் வாளும் களவு போனது. நிறுவனம் என்றால் தானாகவே பாதுகாப்பு என்று நினைக்க எங்கட தலைமுறைக்குக் காரணம் இல்லை. மன்னார்க் காசு கொழும்புக்கோ யாழ்ப்பாணம் நாவலர் வீதிக்கோ போய் ஒரு லாச்சிக்குள் கிடந்தால் பேசாலைப் பள்ளிக்கூடப் பிள்ளை அதை எப்போது பார்க்கும்?

ஆனால் வீட்டில் வைத்திருந்தால் மட்டும் பத்திரமா? பாயில் கொட்டியது யார்? தேசிக்காய் தேய்த்தது யார்? திணைக்களம் இல்லை, நாங்கள்.

இந்த இரண்டு பயத்துக்கும் ஒரே மருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது: எங்கே வைப்பது என்பதற்கு முதல், எழுதி வைப்பது. பொருள் தீயில் போகலாம், களவு போகலாம், கப்பலோடு தாழலாம். பல இடத்தில் பிரதி உள்ள குறிப்பு அவ்வளவு லேசில் சாகாது. கூத்தோ அதற்குச் சாட்சி.

செய்தது, செய்யப் போவது

மூன்று மாதம் வார இறுதிகளில் இருந்து செய்தோம். ஒவ்வொரு காசுக்கும் ஒரு இலக்கம். இரண்டு பக்கமும் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம். நகைக்கடைக்காரர் ஒருவரின் சின்னத் தராசைக் கேட்டு வாங்கி நிறை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் போட்டோம். கடையில் விற்கிற மெல்லிய பிளாஸ்ரிக் பொக்கற் அல்பம் வேண்டாம், பீ.வீ.சீ. நாள்படக் கசிந்து செம்பைப் பழுதாக்கும். துண்டுகளையும் படம் எடுத்தோம்.

பிறகு துண்டுகளைக் காசோடு சேர்த்துப் பார்க்க முயன்றோம். மடிப்பின் அளவு, கடதாசியில் பதிந்த பச்சைக் கறையின் வட்டம், பென்சிலில் 'யானை' என்று எழுதியது, இவற்றை வைத்து 34 காசை அதனதன் துண்டோடு சேர்த்துவிட்டோம். அதற்கு அப்பம்மா செய்த உதவி பெரிசு. "இது அவர் பெரியநாள் அண்டு கொண்டந்தவர், வங்காலை ஆள் ஒருத்தர் தந்தது" என்று சிலதைத் தொட்டுப் பார்த்தே சொன்னார். சொன்னதைப் போனில் பதிவு செய்தோம். மிச்சத் துண்டுகளுக்கு எதிரே 'காசு தெரியாது' என்றும், மிச்சக் காசுகளுக்கு எதிரே 'இடம் தெரியாது, 31ஆம் நாள் கலந்துபோனது' என்றும் எழுதினோம். எழுத வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஊகத்தை உண்மை போல எழுதினால் அது முதல் பிழையை விடப் பெரிய பிழை.

குடும்பத்தின் முடிவு இதுதான். 1815க்குப் பிந்தியவை, அதாவது சதம், ஆணா, சதுர ஐந்து சதம் எல்லாம், பிரித்துக் கொள்கிறோம். சின்ன மாமியின் ஆசை அது, நியாயமும்கூட. ஆளுக்கு ஒரு உறை, உறைக்குள் அப்பப்பாவின் கையெழுத்தின் ஒரு படமும். பழையவை பிரியாமல் ஒன்றாகவே இருக்கும். முழுப் பட்டியலோடு தொல்பொருள் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பற்றுச்சீட்டு வேணும், பட்டியல் இலக்கம் மாறக்கூடாது, மன்னாரில் காட்சிக்கு ஒரு இடம் வரும்போது அங்கே வரவேணும் என்று கேட்டிருக்கிறோம். கேட்டது எல்லாம் நடக்கும் என்ற கனவு இல்லை. கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கட்டும். பட்டியலின் பிரதிகள் பேசாலையில் ஒன்று, எங்கட பல்கலைக்கழகத்தில் ஒன்று, கனடாவில் ஒன்று. கனடாப் பிரதியை மாமாவே கேட்டு வாங்கினார். இப்போது அவர்தான் ஒல்லாந்துக் காசின் வருசங்களைப் பெருப்பித்துப் பார்த்துத் திருத்தம் அனுப்புகிறார்.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு ரின், ஒரு சுருக்குப் பை, ஒரு வெத்திலைப் பெட்டி இருக்கக்கூடும். மன்னாரில் மட்டும் இல்லை, மட்டக்களப்பில், வல்வெட்டித்துறையில், நாகப்பட்டினத்தில், ஸ்காபறோவில். காசாக இருக்கத் தேவையில்லை. பழைய உறுதி, கடிதம், கப்பல் ரிக்கற், எதுவும்தான். உரியவர் இருக்கும்போதே பக்கத்தில் குந்திக் கேளுங்கோ: இது எங்கால வந்தது? எப்ப? யார் தந்தது? நாங்கள் அப்பப்பாவோடு ஒரே வீட்டில் இருபது வருசம் இருந்தோம். அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்கவில்லை.

ரின் இப்போது வெறுமையாக விறாந்தை மாடத்தில் இருக்கிறது. அதை எறிய வேண்டாம் என்று அப்பம்மா சொல்லிவிட்டார். அதற்கும் ஒரு இலக்கம் போட்டிருக்கிறோம்.